நீலமானால் ஆள் வருவார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். வேலை செய்யும் இடத்தில் அதையே கொஞ்சம் மரியாதையாக இங்கிலீஷில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த வருஷம் வந்த கோபத்துக்குச் சரியான காரணம் இருந்தது. என் மை உடைகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

மை எப்படி உடையும் என்று கேட்பீர்கள். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய் வருகிறேன். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் நிறம் மாறும் மையை அச்சடிக்கிறோம். கல்யாணப் பத்திரிகைக்கும் பனியனுக்கும் அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, அதன் மேல் மை, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. வித்தியாசம் மையில்தான். அது மின்சாரம் கடத்தும் ஒரு வகைப் பிளாஸ்டிக். காய்ந்ததும் பார்த்தால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த கறை போல வெளிறிக் கிடக்கும். ஒரு பட்டன் பேட்டரியின் மின்சாரம் பட்டால் நல்ல நீலமாகும். மின்சாரத்தைத் திசை மாற்றிக் கொடுத்தால் மறுபடி வெளிறும். நடுவில் மின்சாரமே வேண்டாம், நீலமானால் நீலமாகவே மணிக்கணக்கில் நிற்கும். தாளை வளைக்கலாம், சுருட்டலாம். இதைச் சட்டையிலும் ஒட்டலாம், பையிலும் ஒட்டலாம், மாத்திரை அட்டையிலும் ஒட்டலாம்.

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில் பல வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவள் நான். இந்தக் கம்பெனிக்கு வந்த பிறகுதான் படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. மையைக் கலக்கி, தோசை மாவு போல விட்டால் வழிய வேண்டும், ஆனால் ஓடக்கூடாது என்ற பதத்துக்குக் கொண்டுவர எனக்கு ஏகப்பட்ட நாள் பிடித்தது. அது என் மை. அதை யாராவது குறை சொன்னால் என் சமையலைக் குறை சொன்னதைவிட அதிகமாக வலிக்கும். என் சமையல் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு ஒரே ஒரு பெரிய கஸ்டமர்தான். மருந்து அனுப்புகிற துணிப்பை செய்பவர்கள். வழியில் யாராவது பையைத் திறந்தால் அதன் மேலிருக்கும் எங்கள் பட்டை நீலமாகிவிட வேண்டும், பையை வாங்குகிறவர் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுத்தனுப்பிய மாதிரிகளில் பாதிக்கு மேல் செத்துத் திரும்பி வந்தன. நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. பை என்றால் மடிப்பார்கள், கசக்குவார்கள், வண்டியில் திணிப்பார்கள். அதைத் தாங்கவில்லை.

ஆய்வுக்குத் தலைவராக ஒரு சின்ன வயசுக்காரர் இருந்தார். வெளிநாட்டில் படித்தவர், ஓசூர்க்காரர், நல்ல மாதிரி. செத்த பட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மை காஞ்சு வெடிக்குது மேடம், ஏரி மண்ணு மாதிரி" என்றார்.

"உங்க மெஷின்ல வளைக்கறப்ப வெடிக்கலையே" என்றேன்.

அவரிடம் ஒரு வளைக்கும் மெஷின் இருந்தது. பட்டையின் ஒரு முனையைக் கவ்விக்கொண்டு, மறுமுனையை உருளை மேல் போட்டுப் போட்டு எடுக்கும். அதில் என் பட்டை நாள் முழுக்க வளைந்தும் நீலமாகி வெளிறி, வெளிறி நீலமாகிக்கொண்டிருந்தது.

"அதான் எனக்கும் புரியல" என்றார்.

முதலாளி அம்மாவுக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. அவருக்குக் கஸ்டமர் நிற்க வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்த முறை கஸ்டமர் கம்பெனி ஆள் வரும்போதும் பட்டை செத்தால், அச்சுப் பிரிவை மூடிவிட்டு வெளியிலிருந்து தயாராக வாங்கிவிடுவதாக முடிவு. அச்சுப் பிரிவு என்றால் நானும் பங்காரப்பேட்டையிலிருந்து வரும் இரண்டு பெண்களும். என் வயசுக்கு இன்னொரு இடத்தில் போய்க் கண்ணாடிக் குழாய் கழுவ முடியாது. கழுவவும் மாட்டேன். அன்று மாலை ரயிலில் இதை யாரிடமும் சொல்லவில்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊருக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். விடிகாலையில் ஊரில் பாதி அதில் ஏறிப் பெங்களூருக்குப் போகும், ராத்திரிக்குத் திரும்பும். ஒரே பெட்டியில், ஒரே ஆட்களோடு, வருஷக்கணக்காகப் போகிறோம். மாரிகுப்பத்தில் புறப்படும்போது வண்டி காலி. அதனால் அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒரு கடமை உண்டு: அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறும் நம் ஆட்களுக்குச் சீட்டுப் பிடித்து வைக்க வேண்டும். கர்ச்சீப், துண்டு, டிபன் பை, பேப்பர், எது கையில் இருக்கிறதோ அதைப் போட்டு வைப்போம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இதற்குச் சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. அதனால் பங்காரப்பேட்டை வந்ததும் தினமும் சண்டை வரும். "கர்ச்சீப்புக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று ஒருவர் கேட்பார். எங்கள் பெட்டியில் சீட்டுப் பிடிப்பதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார். பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாக இருப்பவர். அந்த வேலையை அவர் எப்படிச் செய்கிறாரோ தெரியாது, இந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்வார்.

மெஷின் வளைக்கிற மாதிரி உலகத்தில் யாரும் எதையும் வளைப்பதில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மனிதர்கள் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். முதலாளி அம்மாவிடம் கேட்டு, பட்டன் பேட்டரி பொருத்திய பட்டைகளை ஒரு கட்டு எடுத்துவந்தேன். ஒரு பக்கம் அழுத்தினால் நீலம், இன்னொரு பக்கம் அழுத்தினால் வெளிறல். பெட்டியில் ஆளுக்கொன்று கொடுத்து, வாட்ச் மாதிரி கையில் கட்டிக்கொண்டு வழக்கம்போல இருங்கள், போகவர நிறம் மாற்றிப் பாருங்கள், நின்றுபோனால் சொல்லுங்கள் என்றேன்.

"கையி அரிக்குமா?" என்று கேட்டார் பாலகாட்டு அக்கா. பாலகாட் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பில் இருப்பதால் அந்தப் பெயர். கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். வழியில் ஒரு ஸ்டேஷனில் ஏறுவார், தினமும் அண்ணன் பிடித்து வைக்கும் சீட்டில் உட்காருவார்.

"அரிக்காது அக்கா."

"ஷாக்கு அடிக்குமா?"

"பேட்டரியைப் பாருங்க, கடுகு அளவு கீது. எறும்புக்குக் கூட அடிக்காது."

ஒரு வாரம் நான் வேறு ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி எங்கள் ரயிலில் ஏறிப் பார்த்தால், ஒருவர் கையிலும் பட்டை இல்லை. சீட்டுகளில் இருந்தது. சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பட்டையின் ஒல்லியான வாலைச் செருகி, கொடி நட்ட மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். சிலது நீலம், சிலது வெளிறல்.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

அண்ணன் பெருமையோடு விளக்கினார். "நீலமா இருந்தா ஆளு வராங்க. வெள்ளையா இருந்தா இன்னிக்கு லீவு, யாரு வேணா குந்திக்கலாம். போன் வந்தா நானே அமுக்கி மாத்திடுவேன். இந்த ஒரு வாரமா ஒரு சண்டை இல்லம்மா. கர்ச்சீப்பைத் தூக்கிப் போடறாங்க, இதைப் பாத்தா பயந்துக்கறாங்க."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததே என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "நான் கையில கட்டச் சொன்னேன், நீங்க சீட்டுக்கு வேலி போட்டுகினு கீறீங்க. எங்க வேலையே போவப்போவுது, உங்களுக்கு வெளையாட்டா கீது." வேலை போகப்போகிற விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. அண்ணன் பட்டைகளைப் பொறுக்கி எடுத்து என் மடியில் வைத்தார். அதில் பாதி செத்திருந்தது.

பாலகாட்டு அக்காதான் பேசினார். "கையில கட்டினா வேர்க்குது, மிஷின்ல மாட்டுது, அவுத்துட்டோம். அது இருக்கட்டும். உனக்கு ஒடையறது தானே வேணும்? நாலு பேரு சாஞ்சு, நசுக்கி, மேலயே குந்தி எழுந்தாச்சு. இதுக்கு மேல இன்னா பண்ணணும்?"

அவர் சொன்னது நியாயம். நான் செத்த பட்டைகளைத் தனியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கசங்கியிருந்தது. நீலமாக வேண்டிய அகலமான பகுதியில் சிலவற்றில் மடிப்பே இல்லை, ஆனாலும் செத்திருந்தன. சிலவற்றில் அந்தப் பகுதி கண்டபடி மடிந்திருந்தது, ஆனாலும் உயிரோடு இருந்தன. மை வெடித்தது என்றால் இது எப்படி? ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா ஒன்றின் வாலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன், பட்டனையும் அழுத்தினேன். பட்டை மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நீலமாகிக்கொண்டே வந்தது. விரலை எடுத்துவிட்டு வெளிறலுக்கு அழுத்தினேன். அசையவில்லை. திரும்ப வாலைப் பிடித்தேன். வெளிறியது.

அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். செத்ததெல்லாம் என் கட்டை விரலுக்குக் கீழே பிழைத்து எழுந்தது.

"மை சாவல அக்கா" என்றேன். "வாலு தான் ஒடஞ்சிருக்கு."

பேட்டரியிலிருந்து மைக்கு மின்சாரம் கொண்டுபோவது வெள்ளி மசியால் அச்சடித்த இரண்டு மெல்லிய கோடுகள். அவை வால் வழியாகத்தான் போகும். இடுக்கில் செருகி வைத்துச் சாய்ந்தால் வால்தான் மடியும். பையில் ஒட்டினாலும் ஜிப் ஓரத்தில் வால்தான் மடியும். கம்பெனிக்குப் போனதும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மை வழவழவென்று முழுசாக இருந்தது. வெள்ளிக் கோட்டில் மயிரிழை விரிசல்.

ஆய்வுத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குத்திக்காட்ட வார்த்தைகளெல்லாம் தயாராக வைத்திருந்தேன், ரயிலிலேயே ஒத்திகை பார்த்துவிட்டேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். அப்புறம் எழுந்து வளைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நம்ம மெஷின் எதைக் கவ்விப் பிடிச்சிருக்கு பாருங்க மேடம்" என்றார்.

வாலை. உடைகிற இடத்தையே இரும்புப் பிடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, உடையாத இடத்தை மாதக்கணக்கில் வளைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவரே முதலில் சிரித்துவிட்டார். தயார் செய்த வார்த்தைகளை நான் விழுங்க வேண்டியதாகிவிட்டது. வீணாய்ப் போனதே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து மாரடித்தோம். நேர்க்கோட்டைப் பாம்பு போல நெளித்து அடிக்கலாம் என்பது அவர் யோசனை. நெளிந்த கோடு இழுத்தால் நீண்டு கொடுக்கும், அறுந்துபோகாது. வெள்ளியின் மேல் ரப்பர் கலந்த கரி மை ஒரு பூச்சு அடிக்கலாம், கோடு விரிந்தாலும் கரி பாலம் போட்டுக் கொடுக்கும் என்பது என் யோசனை. பங்காரப்பேட்டைப் பெண்கள் இருவரும் வலையை மாற்றி மாற்றிப் போட்டு, கரியில் குளித்து எழுந்த மாதிரி வீட்டுக்குப் போனார்கள். முதல் தாள்களில் கரி வழிந்து கோடுகள் ஒட்டிக்கொண்டன. பிறகு பதம் கிடைத்தது.

புதுப் பட்டைகளை ரயிலுக்கு எடுத்துப்போய் அண்ணன் கையில் கொடுத்தேன். அன்று கத்தியதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "சீட்டுலயே செருகுங்கண்ணா. நல்லா சாயச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "வெயிட்டான ஆளுங்களா பாத்து குந்த வெக்கட்டுமா?"

"வெய்யுங்க."

வைத்தார். எங்கள் பெட்டியில் எடைக்குப் பஞ்சமில்லை. கஸ்டமர் வருகிற நாள்வரை அந்தப் பட்டைகள் மேல் சாய்ந்தார்கள், உட்கார்ந்தார்கள், சீட்டாடினார்கள், டிபன் கேரியரை வைத்தார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. தினமும் காலையில் அண்ணன் என்னைப் பார்த்ததும் "எல்லாம் உசுரோட கீது" என்பார். அதைக் கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது என்றாகிவிட்டது.

கஸ்டமர் கம்பெனியிலிருந்து வந்தவர் வாட்டசாட்டமான மனிதர், பேச்சில் சிக்கனம். மீட்டிங் ரூமில் முதலாளி அம்மா, ஆய்வுத் தலைவர், நான். ஆய்வுத் தலைவர் திரையில் வரைபட வளைகோடுகள் காட்டினார். வந்தவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார். போன தடவையும் இதே மாதிரி வளைகோடு பார்த்தவர்தானே. பட்டையைக் கையில் எடுத்து, வெற்றிலையைத் தடவுவது போலப் பூப்போல வளைத்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். முதலாளி அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அச்சுப் பிரிவு மொத்தமும் இருந்தது.

"சார், அது போதாது" என்று நான் எழுந்தேன். பட்டையை எடுத்து வாலை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தேன். என் நாற்காலியில் வைத்தேன். அதன் மேல் உட்கார்ந்தேன். "நீங்க பேசுங்க" என்றேன்.

முதலாளி அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வந்தவர் என்னையும் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பேச்சு பை, ஜிப், ஆர்டர் என்று போயிற்று. நான் வேண்டுமென்றே நன்றாக அசைந்து அசைந்து உட்கார்ந்தேன். காபி வந்தது, குடித்தேன். எனக்குத் துளிப் பயம் இல்லை. எங்கள் பெட்டியே அதன் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டது, நான் ஒருத்தி உட்கார்ந்தா அது சாகப்போகிறது?

பேச்சு முடிந்து எழுந்து, பட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். கசங்கி, சூடாக இருந்தது. அவர் தயங்கித் தயங்கிப் பட்டனை அழுத்தினார். நீலம். கறையில்லாத, சொட்டை இல்லாத, முழு நீலம். இன்னொரு பக்கம் அழுத்தினார், வெளிறியது. திரும்ப அழுத்தினார், நீலம். அப்புறம் அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. பஸ் டிக்கெட்டைக் கசக்குவது போலக் கசக்கி உருட்டினார், பிரித்தார், அழுத்தினார். நீலம். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"இந்த டெஸ்ட்டு எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"மாரிகுப்பம் ரயில்ல சார்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி அம்மா, "ஒரு நாளைக்கு எத்தனை தாள் அடிக்க முடியும்?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு பேரை வேலைக்கு எடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன். மூடப்போவதாகச் சொன்ன பிரிவுக்கு ஆள் கேட்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தால்தான் தெரியும். பங்காரப்பேட்டைப் பெண்கள் இருவரும் மை படிந்த கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தப் புடவை இன்னும் அந்தக் கறையோடுதான் இருக்கிறது.

மாலை ரயில் ஒயிட்ஃபீல்டு வரும்போது மூச்சு விட இடமிருக்காது. முன்னாலேயே ஏறிய எங்கள் ஆட்கள் எனக்கு ஒரு சீட்டு வைத்திருந்தார்கள், நீலப் பட்டையோடு. கூட்டத்தில் நசுங்கி நின்ற யாரும் அதில் உட்காரவில்லை. நான் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"மூடலண்ணா. ஆள் எடுக்கறாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பாலகாட்டு அக்கா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், விடவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

எதிர் சீட்டில் மாலூரில் இறங்குகிற ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் பெட்டிக்குப் புதியவர். என் பக்கத்தில் செருகியிருந்த பட்டையைக் காட்டி, "இதன்ன ரயில்வேயவரு ஹாக்கிதாரா?" என்று கன்னடத்தில் அண்ணனிடம் கேட்டார். ரயில்வேக்காரர்கள் வைத்ததா என்று அவருக்குச் சந்தேகம்.

"அல்லம்மா" என்று மறுத்தார் அண்ணன். பிறகு பெட்டிக்கே கேட்கிற மாதிரி, விரல் நீட்டி என்னைக் காட்டி, "இவரு மாடித்து. நம்ம ஊரு" என்றார். செய்தது இவர் என்று.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். நான் இத்தனை வருஷமும் எங்கே வேலை என்று யார் கேட்டாலும் ஏதோ ஒரு கம்பெனி என்று சொல்லி முடித்துக்கொள்கிறவள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம், நான்தான் செய்தேன் என்றேன்.